மாமா என்னோடு உடன்பட்ட வாரம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைத்திருக்கிறேன். சத்தியம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அமர்ந்து கேட்டால் போதும். சம்பவம் நடந்தபோது உடனிருந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவினர் அல்லது அயலவர். அவர்களில் யாரை விசாரித்தாலும் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். சிரிக்காமல் கேட்கும் ஒருவர் எனக்குத் தேவைப்படுகிறார். கடைசிவரை தாக்குப்பிடிப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதி வழி வந்தாலும் நன்றி.

வழக்கின் நாயகர் என் மாமா. அம்மாவின் தமையன். பூவரசங்குளத்துக்குக் கிட்ட, எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறார். நெல் குற்றும் மில்லில் நெடுங்காலம் இயந்திரம் ஓட்டியவர். என் குரல் மேடையில் பழக்கப்பட்டது. அவருடையது மோட்டாரோடு மல்லுக்கட்டிப் பழகியது. ஒலிவாங்கி இல்லாத இடத்தில் எங்கள் இருவருக்கும் போட்டி வந்தால் அவர்தான் வெல்வார். நான் பேசும் பட்டிமண்டபம் எதுவானாலும் முன்வரிசைக் கதிரையில் மாமா இருப்பார். கோயில் திருவிழா ஒன்றில், என் உரையின் உச்சத்துக்கு முன் நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்தினேன். அந்த நிறுத்தத்துக்காக நான் மூன்று நாள் பயிற்சி எடுத்திருந்தேன். கூட்டம் மௌனித்திருந்த அந்தக் கணத்தில் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது:

“மூச்சை விடு மருமோன். மயங்கி விழுந்திடப் போறாய்.”

நடுவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு வாரம் மாமா வீட்டுப் பக்கம் போகவில்லை.

மாமாவின் நோய் முதலில் பீற்றூட் கறியின் பெயரில் வந்தது. சிறுநீர் சிவந்து போனதற்கு மாமி வைத்த பீற்றூட் கறியே காரணம் என்று அவர் மூன்று கிழமை சாதித்தார். மாமி பீற்றூட் வாங்குவதை நிறுத்தினார். சிவப்பு நிற்கவில்லை. வவுனியாவில் ஸ்கான் எடுத்து, பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, அங்கே குழாய்விட்டுப் பார்த்துச் சொன்னார்கள்: சிறுநீர்ப்பையில் புற்று. சுருட்டுக் குடிப்பீர்களா என்று டொக்டர் கேட்டார். “இண்டையோட விட்டாச்சு” என்றார் மாமா, சட்டைப் பையைக் கையால் மூடியபடி. மாமி அந்தக் கையை விலக்கி, உள்ளே இருந்ததை எடுத்துக் குப்பைவாளியில் போட்டார்.

டொக்டரின் திட்டம் தெளிவாக இருந்தது. முதலில் சேலைனோடு சேர்த்து மருந்து ஏற்றுவது; மூன்று கிழமைக்கு ஒன்றாக நான்கு முறை. கட்டி சுருங்கினால் சத்திரசிகிச்சை. ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிறுநீரகமும் இரத்தத்தில் உள்ள உப்புகளும் சரியாக இருந்தால்தான் மருந்து. பிந்தாமல் ஏறுவது முக்கியம் என்று டொக்டர் இரண்டு தடவை சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நாட்காட்டி என்றால் அந்த நான்கு தேதிகள்தான்.

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவன் நான். ஆகவே மாமாவோடு போய்வருவதும் விஞ்ஞானத்தைக் குடும்பத்துக்கு விளங்கப்படுத்துவதும் என் பொறுப்பாயின. இரண்டாவது பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். உடலில் உள்ள ஒவ்வொரு உயிர்க்கலமும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே இழுக்கிறது, அந்தச் சமநிலை கெட்டால் கலம் வாழாது என்று மாமாவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

“எங்கட மில்லு மாதிரித்தான்,” என்றார் மாமா. “உமி வெளியாலை, அரிசி உள்ளுக்கை. இதுக்கேன் இவ்வளவு நேரம் கதைச்சனி?”

இரண்டாவது மருந்து ஏறி நான்காம் நாள், கைபேசியில் ஒரு கட்டுரை அகப்பட்டது. புற்றுக்கலங்களுக்குள் சோடியம் வழமையைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு என்று தொடங்கியது. ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த சிறுநீர்ப்பைப் புற்றுக்கலங்களில் சில மருந்துகள் இந்த அயன் சமநிலையைக் குலைத்து, சோடியத்தை இன்னும் உள்ளே தேங்கவைத்து, கலத்தையே சாகடிக்கின்றன என்று போனது. மூன்றாம் பந்திக்குமேல் நான் வாசிக்கவில்லை. ஒரு விவாதத்துக்கு மூன்று பந்தி தாராளம். என் முடிவு அப்போதே பிறந்துவிட்டது: சோடியத்தை விரும்பிச் சேர்த்துவைக்கும் கலம் இது, ஆகவே மாமாவின் சாப்பாட்டில் உப்பை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும்.

கட்டுரையின்படி சோடியம் மேலும் கூடினால்தான் அந்தக் கலம் சாகிறது. என் முடிவோ நேர் எதிர்த்திசையில் இருந்தது. தட்டில் இருக்கும் கலத்துக்கும் வாயில் போகும் உப்புக்கும் இடையே ஒரு முழு மனிதன் இருக்கிறான் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. எதிரணியில் ஒருவர் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்திருப்பார். அன்று எதிரணி இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் நோய் என்றால் மற்ற வீடுகள் முறைவைத்து மத்தியானச் சோறு கொண்டுவருவார்கள். மருந்து ஏறிய பிறகு மாமா சத்தியெடுத்துக்கொண்டே இருப்பார், சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்காது. மாமியால் அடுப்படியில் நிற்க முடியாது. ஆகவே ஆறு வீட்டுச் சமையல் மாமாவின் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. உப்பை ஒழிப்பதென்றால் ஆறு குசினிகளை வெல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமா வீட்டு மாமரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டு ஆறு வீட்டாரையும் அழைத்தேன்.

அந்த உரை நன்றாக அமைந்தது என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். தொடக்கம் தாழ்ந்த குரலில், நடுவில் சோடியம், இறுதியில் மாமாவின் உயிர். என் வேலையில் பாதியை ஒழுங்கையே முன்கூட்டி முடித்துவைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் சிறுநீரக நோய் அதிகம். அந்த ஆறு வீட்டில் இரண்டு வீட்டுக்காரர் கிளினிக்குக்குப் போய் உப்பைக் குறைத்துச் சாப்பிடுபவர்கள். தொப்புளுக்குக் கீழே எந்த நோய் வந்தாலும் உப்புத்தான் எதிரி என்பது ஒழுங்கையின் பொது அறிவு. நான் சொன்னதை அவர்கள் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள். நான் அதற்கு அடுக்குமொழி சேர்த்தேன்.

மாமி மட்டும் கேட்டார். “தம்பி, உப்பைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலை ஒருத்தரும் சொல்லேல்லையே. அந்த நேர்ஸ் பிள்ளை நம்பர் தந்தவா. ஒருக்காக் கேட்டுப் பாப்பமோ?”

“மாமி,” என்றேன், மேடைக் குரல் இன்னும் இறங்காத நிலையில், “கேட்டு அறிய வேண்டியவை உண்டு, சிந்தித்தே அறியக்கூடியவையும் உண்டு. இது இரண்டாவது வகை.”

கை தட்டினார்கள். மாமி நம்பர் எழுதிய துண்டை மறுபடி கைப்பைக்குள் வைத்தார்.

கதிரையில் சாய்ந்திருந்த மாமா கேட்டார்: “அப்ப எனக்கு வந்திருக்கிறது வருத்தமோ, மறியல் தண்டனையோ?”

மறுநாளிலிருந்து உப்பில்லாத சோறு வரத் தொடங்கியது. ஆறு வீட்டாரும் வாக்குத் தவறவில்லை. அதுதான் பிறகு எங்களுக்கு வினையாயிற்று. மாமா ஒவ்வொரு கறிக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். கத்தரிக்காயைத் தொட்டுவிட்டு, “இதை அவிச்சவை அழுதுகொண்டாவது அவிச்சிருக்கலாம், கண்ணீராலை கொஞ்சம் உப்பு வந்திருக்கும்” என்றார். பருப்பைப் பார்த்து என்னிடம் திரும்பினார்: “இது உன்ரை பேச்சு மாதிரியே கிடக்கு மருமோன். நிறைய இருக்கு, ஒண்டும் தெரியுதில்லை.” நான் சகித்துக்கொண்டேன்.

தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும் என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். மருந்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்க. அதையும் நான் பொறுப்பேற்றேன். நேர்ஸ் சொன்ன அளவு எனக்குப் போதாது என்று பட்டது. போத்தலில் பேனையால் கோடுகள் இழுத்து, மணிக்கு ஒரு கோடு இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். மாமா குடித்தார். குடித்ததில் பாதியைச் சத்தியெடுத்தார். நான் போத்தலை மறுபடி நிரப்பினேன்.

ஒரே ஒரு முறைதான் முற்றுகையை உடைக்க முயற்சி நடந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், எங்கள் எல்லோருக்கும் ‘நானா’, மாமாவின் பழைய சிநேகிதர். மில்லுக்கு நெல் கொண்டுவந்த காலத்துப் பழக்கம். வருத்தம் பார்க்க வந்தவரின் கையில் பார்சல் இருந்தது. மணம் அவருக்கு முன்னே வாசற்படலைக்கு வந்துவிட்டது. நான் படலையை மறித்து நின்று, உப்பு எவ்வாறு கலத்தைக் கெடுக்கிறது என்பதை முழுமையாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு துண்டுக் கருவாட்டுக்கு எதிரா இவ்வளவு பேசுறீங்களே தம்பி,” என்றார் நானா. “கடலுக்கு எதிரா எவ்வளவு பேசுவீங்க?”

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. “நானா, அவனோட கதைச்சு மினக்கெடாதையும். வேலிக்கு மேலாலை எறியும்.”

நானா சிரித்தார், ஆனால் எறியவில்லை. படித்த பிள்ளை சொல்கிறது என்று பார்சலைத் திருப்பிக் கொண்டுபோனார். அந்த வெற்றியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

பத்து நாள் கடந்திருக்கும். ஒரு மத்தியானம் நான் சோற்றுத் தட்டை மாமாவின் முன் வைத்து, வழக்கமான தாக்குதலுக்குத் தயாராக நின்றேன். அவர் பிசைந்து சாப்பிட்டார்.

“எப்பிடி மாமா?”

“ஓம்.”

“உப்பில்லாமல் பழகீட்டுதோ?”

“ஓம் தம்பி. நீ சொன்னாச் சரி.”

வாசகரே, இந்த இடத்தில்தான் உங்களைக் கூர்ந்து கவனிக்கச் சொல்கிறேன். என் பிறப்பிலிருந்து அன்றுவரை மாமா நான் சொன்ன எதற்கும் ‘சரி’ என்றதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட முற்றத்துக்கு வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “தூறல்” என்று திருத்துபவர். அவர் என்னைத் ‘தம்பி’ என்று அழைத்ததும் அதுவே முதல் தடவை. அது மாமி அழைக்கும் முறை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கடைசியில் மாமாவையே வாதத்தால் வென்றுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். ஒழுங்கை முழுவதும் போய்ச் சொன்னேன்.

அந்த வாரம் மாமா எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் குடித்தார். படுக்கச் சொன்னால் படுத்தார். குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். வசனத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டார்.

“இவர் ஒரு மாதிரி இருக்கிறார் தம்பி,” என்றார் மாமி.

“மருந்தின்ரை களைப்பு மாமி. போன முறையும் களைச்சுத்தானே கிடந்தவர்.”

“போன முறை களைச்சுக் கிடந்துகொண்டு பேசினவர்.”

அதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. நினைவில் இருப்பது வேறு. வரவிருந்த விவாதப் போட்டி ஒன்றுக்கான முழு உரையையும் அன்று பின்னேரம் மாமாவின் கட்டிலுக்கு முன் நின்று பேசிப் பார்த்தேன். நாற்பது நிமிடம். அவர் ஒரு சொல் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குறிப்புப் புத்தகத்தில் ‘சிறந்த அவை’ என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

மூன்றாம் மருந்துக்கான நாள் வந்தது. வவுனியாவில் விடியற்காலைப் பஸ் எடுத்தோம். மாமா யன்னலோரம், மாமி அவருக்குப் பக்கத்தில், நான் பின் இருக்கையில். ஓமந்தை கழிந்ததும் மாமா திரும்பி, “இப்ப எங்கை போறம்?” என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். “ஓம்” என்றார். கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். அவருக்குப் பிளேன்ரீ வாங்கிக் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்தபடியே நின்றார். குடிக்கவேண்டும் என்பதை மறந்துவிட்டவர் போல இருந்தது. பிறகு என்னைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்:

“நாங்கள் எங்கை போறம் தம்பி?”

முதல் தடவை அந்தக் கேள்வி வந்தபோது அது வெறும் கேள்வி. இரண்டாவது தடவை, “ஆஸ்பத்திரிக்கு” என்று மறுபடி சொல்லிவிட்டு மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. பிளேன்ரீயை மாமாவின் கையிலிருந்து வாங்கி, ஊதி, அவருடைய வாயில் வைத்துப் பருக்கினார்.

ஆனையிறவைக் கடக்கும்போது வெயில் ஏறியிருந்தது. உப்பளத்தில் குவித்து வைத்திருந்த வெள்ளைக் குவியல்கள் யன்னலில் வரிசையாகப் போயின. மாமா கண்ணாடியில் விரலை வைத்தார்.

“உப்பு,” என்றார்.

அந்தப் பயணத்தில் அவர் தானாகச் சொன்ன ஒரே சரியான சொல் அது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. நம்பர் தந்த அதே நேர்ஸ்தான் தாளோடு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“சோடியம் நல்லாக் குறைஞ்சு போச்சு. மகனீசியமும் குறைவு. வீட்டிலை என்ன சாப்பிட்டவர்? உப்புப் போட்டுத்தானே சமைச்சனீங்கள்?”

மாமி மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

“இல்லை,” என்றேன்.

“உப்பை நிப்பாட்டச் சொல்லி ஆர் சொன்னது?”

அவையில் இவ்வளவு சுருக்கமான கேள்வியை எந்த எதிரணியும் என்னிடம் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன் கட்டிலில் கிடந்த மாமா, “ஓம்” என்றார்.

டொக்டர் வந்தார். நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன், மூன்று பந்தியையும். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “இந்த மருந்தே சிறுநீரகத்தாலை உப்புகளை ஒழுக விடும்,” என்றார். “சத்தியோட இன்னும் கொஞ்சம் போகும். அதுக்கு மேலை நீங்கள் உப்பையும் மறிச்சு, தண்ணியையும் அளவில்லாமல் குடுத்திருக்கிறியள். இரத்தத்திலை சோடியம் கரைஞ்சு போச்சு. அதுதான் ஆள் இப்பிடி மந்தமா இருக்கிறார்.” பிறகு தாளை மடித்தார். “மருந்து இண்டைக்கு இல்லை. இங்கை நிக்கட்டும்.”

“சோடியத்தை உடனே ஏத்தினால் நாளைக்கு மருந்து போடலாமோ டொக்டர்?”

“உடனே ஏத்தக் கூடாது தம்பி. மூளைக்குக் கூடாது. மெல்ல மெல்லத்தான்.”

மெல்ல மெல்லத்தான் ஏறியது. துளி விழுவதையும், நேர்ஸ் வந்து மறுபடி இரத்தம் எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி தவறிவிட்டது. அடுத்த முடிவு சரிவராவிட்டால் இன்னும் பிந்தும், சத்திரசிகிச்சையும் தள்ளிப்போகும். கட்டி அதுவரை காத்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மாமி என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு நாளில் நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மாமி, “இந்தச் சோடியம் எண்டது உண்மையிலை என்ன தம்பி, நாங்கள் போடுற உப்புத்தானோ?” என்று கேட்டார். பழக்கதோஷம். நான் எழுந்து நின்றேன்.

“மாமி, சோடியம் எனப்படுவது…”

“நிப்பாட்டு மருமோன்.” கட்டிலிலிருந்து குரல். பலமில்லை, ஆனால் மில்லுக்காரரின் குரல்தான். “நீ கதைக்கக் கதைக்க எனக்கு அது குறையுது.”

மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதே தலைப்பால் கண்ணையும் துடைத்தார். நான் வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது மாமா ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார். உப்புக் கூடவாம்.

ஒரு கிழமை பிந்தி மூன்றாம் மருந்து ஏறியது. அந்த ஒரு கிழமை என்னுடையது. அதை வேறு யார்மேலும் எழுத முடியாது.

வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவே ஆள் அனுப்பி ஆறு வீட்டாரையும் கூப்பிட்டார். அதே மாமரம், அதே கதிரைகள். நானாவும் பார்சலோடு வந்திருந்தார். கருவாடு அளவோடு தின்னலாம் என்பதை மாமி நேர்ஸிடம் கேட்டு உறுதிசெய்துவிட்டார். மாமா முன்வரிசையின் நடுக்கதிரையில் போர்வையோடு உட்கார்ந்தார்.

“பேசின இடத்திலையே நிண்டு பேசு,” என்றார்.

நான் எழுந்தேன். அடுக்குமொழியில் ஒன்று தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்காக மூச்சை இழுத்து நிறுத்தினேன்.

“விடு,” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

தயார்செய்து வைத்திருந்ததை விட்டேன். வீட்டில் கதைக்கும் குரலில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:

“மாமாவின்ரை சாப்பாட்டிலையோ மருந்திலையோ நேர்ஸிட்டைக் கேக்காமல் இனி நான் ஒண்டும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன். மாமி, அந்த நம்பரை எனக்கும் தாங்கோ. நான் முதல்லை கேட்டுப்போட்டு வந்துதான் உங்களுக்குச் சொல்லுவன்.”